உடம்பில் பணம் இருக்கு... சில்லறைதான் இல்லை!

உடம்பே, உன்னைத்தான் கேட்கிறேன்! - 17

"சாப்பாடெல்லாம் நல்லாத்தான் சாப்பிடறேன். ஆனா மத்தியானம் மூணு மணிக்கு மேல உடம்புல தெம்பே இருக்க மாட்டேங்குது."

இந்த வசனத்தைக் கேட்காத வீடு இருக்காது. சொல்பவர் பெரும்பாலும் அம்மாவாகவோ அக்காவாகவோ இருப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் வைத்தியமும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "குளுக்கோஸ் கரைச்சு ஒரு டம்ளர் குடி, சரியாயிடும்!"

தெம்பு இல்லை என்றால் உடம்பில் ஆற்றல் தீர்ந்துவிட்டது என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 60 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் 15 கிலோ கொழுப்பு இருப்பது சாதாரணம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. ஆக மொத்தம் 1,35,000 கலோரி. ஒரு நாளைய செலவு 1,800 கலோரி என்று வைத்துக்கொண்டால், 75 நாட்களுக்குத் தாங்கும் சொத்து அது!

இவ்வளவு சொத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறுவதற்குள் ஏன் மூச்சு வாங்குகிறது? இதற்கான விடை டவுன் பஸ்ஸில் இருக்கிறது.

கண்டக்டர் கேட்கும் சில்லறை

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், இந்த உதாரணத்துக்கு உங்கள் வீட்டுக்காரரை ஏற்றிவிடுவோம். அவர் பையில் 500 ரூபாய் நோட்டு. டிக்கெட் 10 ரூபாய். "சில்லறையா குடுங்க சார்" என்கிறார் கண்டக்டர். சட்டைப்பையில் 500 ரூபாய் இருந்தும் அந்த நிமிஷத்தில் அவர் ஏழைதான். வங்கியில் 5 லட்சம் இருந்தாலும் நிலைமை அதேதான்.

நம் உடம்பில் இருக்கும் பல லட்சம் கோடி செல்களும் அந்தக் கண்டக்டர் மாதிரிதான். சோற்றையும் சர்க்கரையையும் கொழுப்பையும் அவை நேரடியாக வாங்கிக்கொள்வதில்லை. அவை பெரும்பாலும் கேட்பது ஒரே ஒரு சில்லறையைத்தான். அதன் பெயர் ஏ.டி.பி. முழுப்பெயர் அடினோசின் ட்ரைபாஸ்பேட். 'ட்ரை' என்றால் மூன்று. இந்த மூலக்கூறின் வாலில் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாக இருக்கும். கடைசி பாஸ்பேட் கழன்றுபோகும் வேதிவினையில் ஆற்றல் வெளிப்படும். அதை வைத்துத்தான் தசை சுருங்குகிறது, நரம்பு செய்தி அனுப்புகிறது, சிறுநீரகம் உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மிச்சம் இருப்பது இரண்டு பாஸ்பேட் கொண்ட ஏ.டி.பி-யின் தங்கை, ஏ.டி.பி-க்குப் பதில் 'ஏ.டி.டி.பி' என்றெல்லாம் குழப்பிக்கொள்ள வேண்டாம். 'காலிச் சில்லறை' என்றே வைத்துக்கொள்வோம். அதில் மறுபடி ஒரு பாஸ்பேட்டை ஒட்டவைத்தால் மீண்டும் சில்லறை ரெடி.

ஆச்சரியம் என்னவென்றால், ஒரு நேரத்தில் மொத்த உடம்பிலும் இருக்கும் ஏ.டி.பி. சுமார் 100 கிராம்தான். ஆனால், ஒரு நாளில் நாம் செலவழிப்பது 40, 50 கிலோ! நம் எடைக்கு நெருக்கமான அளவு. ஒவ்வொரு மூலக்கூறும் தினமும் சில நூறு முறை செலவாகி, திரும்ப நிரப்பப்பட்டு, மறுபடி செலவாகிறது. 

தசை சுருங்குவதற்கு மட்டுமல்ல, பிடியை விடுவதற்கும் ஏ.டி.பி. வேண்டும். ஒருவர் இறந்தவுடன் வீட்டுப் பெரியவர்கள் தாடையைச் சுற்றித் துணி கட்டி, கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும், பிறகு வாயை மூட முடியாது என்பது அவர்களின் அனுபவ அறிவு. அந்த விறைப்புக்குக் காரணம், ஏ.டி.பி. தீர்ந்துபோனதும் தசை இழைகள் ஒன்றையொன்று பிடித்த பிடியிலேயே மாட்டிக்கொள்வதுதான்.

அஞ்சறைப் பெட்டி முதல் வைப்பு நிதி வரை

முழு வேகத்தில் ஓடினால் தசையில் இருக்கும் ஏ.டி.பி. இரண்டு, மூன்று விநாடிகளில் காலியாகிவிடும். அதற்குப் பிறகும் எப்படி ஓடுகிறோம்?

அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் காசு ஒளித்துவைக்கும் வழக்கம் நம் பாட்டிகளுக்கு உண்டு இல்லையா? தசைக்கும் அப்படி ஓர் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. அதன் பெயர் கிரியேட்டின் பாஸ்பேட். காலிச் சில்லறைக்கு உடனே ஒரு பாஸ்பேட்டைத் தூக்கிக் கொடுத்துவிடும். சுமார் 10 விநாடிகளுக்கு இது தாங்கும். 2009-ல் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 விநாடிகளில் 100 மீட்டரைக் கடந்தாரே, அந்த ஓட்டத்தில் பெரும்பங்கு இந்த அஞ்சறைப் பெட்டிக் காசுக்கு உண்டு.

அடுத்தது பீரோவில் இருக்கும் நோட்டுக்கட்டு. அதாவது கிளைகோஜன். சாப்பிட்ட மாவுச்சத்தில் மிஞ்சுவதை உடம்பு இப்படிக் கோத்து வைக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். தசை தன் பீரோவை அடுத்தவருக்குத் திறக்காது. தன் செலவுக்கு மட்டும்தான். கல்லீரல் அப்படியில்லை. ராத்திரி நாம் தூங்கும்போது ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வது அதுதான்.

கடைசியாக, வைப்பு நிதி. அதுதான் கொழுப்பு. "ஏன்தான் இந்த உடம்பு கொழுப்பாச் சேர்க்குதோ?" என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு கணக்கு. அதே 1,35,000 கலோரியைக் கிளைகோஜனாகச் சேர்த்தால் 34 கிலோ ஆகும். ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரையும் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், தண்ணீரோடு சேர்த்தால் 135 கிலோ! 60 கிலோவில் இருக்கும் பெண் 180 கிலோவில் நடமாட வேண்டியிருக்கும். கொழுப்பு என்பது உடம்பு கண்டுபிடித்த சிக்கனமான பெட்டகம்.

கதர் சட்டைக்காரர் கண்டுபிடித்த காசு

இந்த அஞ்சறைப் பெட்டியையும் சில்லறையையும் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், நம் சென்னையில் படித்தவர். பெயர் எல்லாப்பிரகத சுப்பாராவ். 1895-ல் அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தபோது காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தார். அறுவைசிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார்.

அமெரிக்கா போன பிறகும் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை. மருத்துவமனையில் கடைநிலை வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தார். பேராசிரியர் சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து, ரத்தத்திலும் திசுக்களிலும் பாஸ்பரஸை அளக்க ஒரு முறையை உருவாக்கி 1925-ல் வெளியிட்டார். அந்த அளவுகோலை வைத்துத் தசையைத் துழாவியபோதுதான் 1927-ல் கிரியேட்டின் பாஸ்பேட் அகப்பட்டது. 1929-ல் ஏ.டி.பி-யும் அகப்பட்டது. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக ஏ.டி.பி-யைக் கண்டுபிடித்தார்.

அதுவரை தசையை இயக்குவது லாக்டிக் அமிலம் உருவாவதுதான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. தசை ஆராய்ச்சிக்காக 1922-ம் ஆண்டின் நோபல் பரிசே கொடுத்தாகிவிட்டது! பாஸ்பேட் கதை அந்த நம்பிக்கையை மாற்றியது.

பின்னாளில் மருந்து நிறுவனம் ஒன்றில் சுப்பாராவ் தலைமையேற்ற குழுக்களிடமிருந்துதான் யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரையும் வந்தது. 1948-ல், 53 வயதில் இறந்துபோனார். நோபல் கிடைக்கவில்லை. 1995-ல் இந்திய அரசு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது.

செல்லுக்குள் ஒரு மேட்டூர்

சரி, 500 ரூபாய் நோட்டைச் சில்லறையாக மாற்றும் கடை எது? செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. நாம் இழுக்கும் மூச்சில் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் பெரும்பகுதி இந்தக் கடைக்குத்தான் போகிறது. ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும். இல்லாவிட்டால் வெறும் 2. நோட்டு அதேதான், மாற்றும் இடத்தைப் பொறுத்துக் கைக்கு வருவது 30 ரூபாயா, 2 ரூபாயா என்பது முடிவாகிறது. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

கடைக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள மேட்டூர் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். உணவை எரிக்கும் ஆற்றலைக் கொண்டு, மைட்டோகாண்ட்ரியா புரோட்டான் எனும் நுண்துகள்களை ஒரு சவ்வுக்கு அந்தப் பக்கம் ஏற்றி ஏற்றித் தேக்குகிறது. நீர்மட்டம் ஏறுவதுபோல அந்தப் பக்கம் அழுத்தம் ஏறும். தேங்கியவை திரும்பி வர ஒரு மதகு இருக்கிறது. மதகில் ஒரு டர்பைன். புரோட்டான்கள் அதன் வழியே பாயும்போது டர்பைன் நிஜமாகவே சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 3 ஏ.டி.பி.

1961-ல் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர் இந்த அணைக்கட்டு யோசனையைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. அவர் உடல்நலம் கெட்டு, பல்கலைக்கழக வேலையை விட்டு, கார்ன்வால் பகுதியில் ஒரு பழைய மாளிகையைச் செப்பனிட்டு அதிலேயே ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். 1978-ல் நோபல் பரிசு அங்கே தேடி வந்தது.

அணையில் ஓட்டை போடும் மாத்திரை

"ஒரே மாசத்துல பத்து கிலோ குறைக்கும்" என்று இணையத்தில் பெயர் தெரியாத மாத்திரைகளை வாங்குபவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

முதல் உலகப் போரின்போது பிரான்சில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்குக் காய்ச்சலும் வியர்வையுமாக இருந்தது, எடை குறைந்தது, சிலர் இறந்தும்போனார்கள். காரணம், டி.என்.பி. எனப்படும் டைநைட்ரோபீனால் ரசாயனம். 1933-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் இதையே எடை குறைக்கும் மருந்தாகப் பரிசோதித்து எழுத, கடைகளில் தாராளமாக விற்கத் தொடங்கியது. ஒரு லட்சம் பேராவது சாப்பிட்டிருப்பார்கள் என்று அப்போது மதிப்பிட்டார்கள்.

எடை குறைந்தது உண்மை. எப்படிக் குறைந்தது? டி.என்.பி. அந்த அணையில் ஓட்டை போடுகிறது. புரோட்டான்கள் டர்பைன் வழியே வராமல் ஓட்டை வழியே கசிந்துவிடும். உடம்பு கொழுப்பை எரித்துத் தள்ளுகிறது, சில்லறை மட்டும் தேறுவதில்லை. எரிந்ததெல்லாம் வெறும் சூடாகிறது. உள்ளிருந்து கொதிக்கும் அந்தச் சூட்டைப் பாராசிட்டமால் தணிக்காது. இதை முறிக்கும் மாற்று மருந்தும் கிடையாது. பலருக்குக் கண்புரை வந்தது, பலர் இறந்தார்கள். 1938-ல் அமெரிக்க அரசு, மனிதர்கள் உட்கொள்ளவே கூடாதது என்று அறிவித்தது. இருந்தும் எடை குறைப்பு, உடற்கட்டு என்ற பெயர்களில் இணையத்தில் இன்றும் இது தலைகாட்டுகிறது. பெட்டியில் மூலப்பொருள் பெயர் இல்லாத எந்த மாத்திரையும் வீட்டுக்குள் வரவேண்டாம்.

இயற்கையும் அளவாக இதே உத்தியைப் பயன்படுத்துகிறது என்பது வேடிக்கை. பிறந்த குழந்தைக்குக் குளிரில் நடுங்கத் தெரியாது. அதன் தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பழுப்புக் கொழுப்பில், திறந்து மூடக்கூடிய ஒரு சின்ன ஓட்டை உண்டு. குளிரும்போது திறந்து சூடேற்றிக்கொள்ளும். பூட்டும் சாவியும் உடம்பின் கையில் இருப்பதால் ஆபத்தில்லை.

பட்டினி போட்டால் முதலில் கரைவது எது?

"மூணே நாள்ல ரெண்டு கிலோ குறைஞ்சிட்டேன்!" மகிழ்ச்சிதான். ஆனால், கணக்கைப் பாருங்கள். பீரோவில் இருந்த அரை கிலோ கிளைகோஜன், அது பிடித்துவைத்திருந்த ஒன்றரை லிட்டர் தண்ணீர். கூட்டினால் அதே இரண்டு கிலோ! வழக்கம்போல் சாப்பிட ஆரம்பித்ததும் திரும்பி வந்துவிடும்.

நம் ரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் சர்க்கரை சுமார் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். மூளை மட்டும் ஒரு நாளைக்கு சுமார் 120 கிராம் கேட்கும். மணிக்கு 5 கிராம். கல்லீரல் விடாமல் ஈடுகட்டிக்கொண்டே இருந்தால்தான் தலை சுற்றாமல் இருக்கும். முழுப் பட்டினியில் ஒரு நாளைக்குள் கல்லீரல் பீரோ ஏறத்தாழக் காலி. அப்போது வைப்பு நிதியை உடைக்கலாமே என்றால், கொழுப்பின் பெரும்பகுதியைச் சர்க்கரையாக மாற்ற நம் உடம்புக்குத் தெரியாது. சில நாட்கள் போனால் கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன்களை மூளை பழகிக்கொள்ளும். அதுவரை சர்க்கரைக்காகத் தசையில் கை வைக்கிறது உடம்பு. தசை போனால் மைட்டோகாண்ட்ரியாவும் போகும். சில்லறைக் கடைகளையே விற்றுச் சாப்பிடுகிற கதை!

இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்கவே கூடாது. மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்க, வரவு நின்றுபோனால் அந்த ஒரு டீஸ்பூனும் வேகமாகக் கரையும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பமான பேச்சு வந்தால், நினைவோடு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குளுக்கோஸ் பாக்கெட்டின் உண்மையான உபயோகம் இந்த மாதிரி நேரத்தில்தான்.

அப்படியானால், தெம்பு எங்கே போச்சு?

இப்போது அந்த 30-ஐயும் 2-ஐயும் எடுத்துக்கொள்வோம். நோட்டு நிறைய இருக்கிறது. கடையும் இருக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு வந்து சேரவில்லை என்றால்? ஆக்சிஜனைச் சுமந்துவருவது ரத்தத்தின் ஹீமோகுளோபின். அதற்கு இரும்புச்சத்து வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அணையை நிரப்பும் இயந்திரங்களுக்கும் இரும்பு வேண்டும். இரும்பு குறைந்தால், படி ஏறும்போது தசை 30 ரூபாய்க் கடையை விட்டு 2 ரூபாய்க் கடைக்குச் சீக்கிரமே ஓடிவிடும். இதயம் படபடக்கும், மூச்சு இரைக்கும், கால் கனக்கும்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 அறிக்கைப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல்! இவர்களுக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுப்பது, சில்லறைக்குத் தவிப்பவரிடம் இன்னொரு 500 ரூபாய் நோட்டை நீட்டுவது மாதிரி.

எனவே, நம் வீட்டில் யாராவது வாரக்கணக்கில் "தெம்பே இல்ல" என்று சொன்னால் செய்ய வேண்டியவை:

* முதலில் ஹீமோகுளோபின் பரிசோதனை. பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. அது சரியாக இருந்தும் களைப்பு தொடர்ந்தால் ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

* கீரை, பயறு, கொண்டைக்கடலையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள். வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

* இரும்பு மாத்திரையை டாக்டர் சொன்ன நாள் வரை விடாமல் சாப்பிடுங்கள். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு இருந்தால் அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். ஓட்டையை அடைக்காமல் நிரப்பிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

* பரிசோதனையில் எல்லாம் சரியென்றால், தினமும் நடங்கள். 1967-ல் ஜான் ஹொலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளை வாரக்கணக்கில் ஓடவைத்துப் பார்த்தார். அவற்றின் தசைகளில் மைட்டோகாண்ட்ரியா நொதிகளின் திறன் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. மனிதத் தசையும் பயிற்சிக்கு இப்படியே பதில் சொல்கிறது. நடக்க நடக்கக் கடைகள் பெருகும்.

வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டு, களைப்பை வயசின் மேல் போட்டுவிட்டு, அடுத்த வேலைக்கு எழுந்துபோகும் பெண்கள் நம்மிடையே ஏராளம். இந்த வாரம் அவர்களில் ஒருவரையாவது ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம்.

அடுத்த வாரம்: ராத்திரி இரண்டு மணிக்குக் கெண்டைக்காலில் பிடித்து இழுக்கிறதே, அது ஏன்?